பட்டியலின் பின்பக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சீஷெல்ஸ் தீவில் எனக்கு வேலை கிடைத்தது. மின்னியல் டிப்ளமா படித்தவள். பயணத்துக்குப் பட்டியல் போட்டேன். கொசுவலை வரை நாற்பத்தொரு பொருள்கள். காரைக்கால் கடைகளில் அலைந்து அலுத்துப்போனேன்.

கடைசி வாரம், பட்டியலின் பின்பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்தைப் பார்த்தேன். 'ஃபியூஸ் போடுவது. மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்வது.'

"இது என்னம்மா?"

"நீ போயிட்டா நான் ஒருத்திதானே இருக்கணும். தொடாதே தொடாதேன்னே இத்தனை வருஷம் ஓட்டிட்ட. இப்பவாவது சொல்லிக் குடுத்துட்டுப் போடி."

அதன்பின் நான் கடைக்குப் போகவில்லை. மெயினை அணைத்துவிட்டு, ஃபியூஸ் கம்பியை அம்மா கையில் கொடுத்தேன். மூன்றாவது முறை விளக்கு எரிந்தது.

"அதுக்கு ஒரு டிக் போடு" என்றாள்.

எடுத்துப்போவதை மட்டுமே எழுதியிருந்தேன், அம்மாவுக்கு விட்டுப்போக வேண்டியதை எழுதவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. கொசுவலை வாங்காமலேதான் போனேன். தீவின் கொசுக்கடியை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.