மய்யித்தின் முன் கொடுத்த வாக்கு

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்தத் தெருவில் கடன் இல்லாத வீடு எது என்று கேட்டால், பூட்டிக் கிடக்கிற வீட்டைத்தான் காட்ட வேண்டும். ஆனாலும் கடன்காரன் என்ற பட்டம் லால் பாஷா ஒருவருக்குத்தான் ஒட்டிக்கொண்டது. என்ன நியாயமோ, போங்கள்! ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் பார்த்து ஃபைனான்ஸ்காரர்கள் வந்தார்கள். அவர் சரக்கு ஓட்டிப் பிழைத்த குட்டியானை வண்டியை ஊர் பார்க்க எடுத்துக்கொண்டு போனார்கள். லால் பாஷா சாவியைக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வண்டியின் மேல் அவர் எதற்குக் கடன் வாங்கினார் என்பது ஊருக்குத் தெரியாது.

அவருடைய அத்தா அமீர் பாஷா மாங்காய் வியாபாரி. நாகரசம்பட்டிப் பக்கம் தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பார். பள்ளிவாசலுக்குப் பல வருஷம் பொருளாளரும் அவர்தான். அவரிடம் பணம் இருந்தால் இரும்புப்பெட்டியில் இருக்கிற மாதிரி என்று பேர். அந்தப் பேரை நம்பி, மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கிற பெண்களும், கம்பெனிகளில் கூட்டிப் பெருக்குகிற பெண்களும், புருஷன் கண்ணில் படாமல் மிச்சம் பிடித்ததை கேட்டபோது திருப்பித் தர வேண்டிய அமானிதமாக அவரிடம் கொடுத்து வைப்பார்கள். ரசீது என்று ஒன்று கிடையாது. வாய்ச்சொல்தான்.

ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு முன்னால் லால் பாஷா அத்தாவின் மய்யித்தின் பக்கத்தில் நின்று, அத்தா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு என்று சொன்னார். எல்லா மகன்களும் சொல்கிற வழக்கம்தான் அது. பெரும்பாலும் யாரும் கேட்டு வருவதில்லை.

இவரிடம் வந்தார்கள். முதலில் மண்டியில் தரம் பிரிக்கிற இருளாயி தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அத்தாவின் பீரோவைத் திறந்தால் துணிமணி மட்டும் இருந்தது. மாங்காய் விலை விழுந்து நஷ்டமான வருஷத்தில் அத்தா அந்தப் பணத்தையெல்லாம் குத்தகையில் போட்டுவிட்டிருந்தார். அடுத்த பருவத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார் பாவம். அமானிதத்தில் கை வைக்கலாமா என்று லால் பாஷாவுக்குச் செத்தவர் மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. வண்டியை அடமானம் வைத்தார். ஒருத்தியிடமும் சாட்சி கேட்காமல், சொன்ன தொகையைச் சொன்னபடி கொடுத்தார். வெளியில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்கள் அந்தப் பேச்சையும் பணத்தோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவரால் தவணை கட்ட முடியவில்லை. வண்டி போனதும் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த வருஷம் பள்ளிவாசல் பொருளாளர் பதவி காலியானபோது, அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத், லால் பாஷாவின் பேரைச் சொன்னார். உள்ளதைச் சொன்னால், லால் பாஷாவுக்கு ஆசை வந்துவிட்டது. எந்தத் தெருவில் தலை குனிந்து நடந்தாரோ, அதே தெருவில் நிமிர்ந்து நடக்கலாம் அல்லவா? மனைவி முனவர் பேகம் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கூடியது. ஷோயப் எழுந்தான். கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல பையன்தான்.

"மாமு, தப்பா எடுத்துக்காதீங்க. தவணை கட்டாம விட்டவங்க கையில பள்ளிவாசல் பணம் இருக்கக் கூடாதுன்னு நமக்கு ஒரு சட்டம் இருக்குது. அதக் கொண்டுவந்ததே உங்க அத்தாதான்."

அமீர் பாஷாவின் பேரைக் கேட்டதும் முன் வரிசைப் பெரியவர்கள் அவருக்காகக் கையேந்தி துஆ செய்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹஜ்ரத்துக்கு லால் பாஷாவை விட்டுக்கொடுக்க மனசில்லை. அந்தக் கடனை எதற்கு வாங்கினீர்கள், தவிர்க்க முடியாத கஷ்டம் என்றால் சபை யோசிக்கும் என்று எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி அவருக்குத்தான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. லால் பாஷா, ஏந்திய கைகள் இன்னும் இறங்காத அந்தப் பெரியவர்களைப் பார்த்தார்.

"வியாபாரத்துக்குத்தான் ஹஜ்ரத். நாந்தான் கணக்குத் தப்பிட்டேன்."

வேறொருவரைப் பொருளாளராகப் போட்டார்கள். சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. முனவர் பேகம் பொரிந்து தள்ளினாள். தின்றது ஒருவர், கட்டியது ஒருவர், அவருக்கு துஆவும் உங்களுக்குக் கடன்காரன் பட்டமுமா, வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று கேட்டாள். லால் பாஷா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அத்தாவ அடக்கம் பண்ணியாச்சு முனவர். தோள் குடுத்தது நானு. அவரத் தோண்டி எடுத்துத்தான் எனக்குப் பதவி வரணும்னா, அது எனக்கு வேணாம்."