துப்பாக்கிக்காக வாதாடிய மகுதூம் பாய்

போன மாதம் ஒரு காலையில் அந்த வாரத்து மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். குவைத்திலிருந்து, அங்கே எங்கள் கட்டடத்தில் குடியிருந்தவரிடமிருந்து போன் வந்தது. யோகராசா. அவர் எப்போதும் முதலில் என் மனைவி கோமதியைத்தான் விசாரிப்பார். அன்று விசாரிக்கவில்லை. “ஐயா, மகுதூம் நானா எங்களை விட்டிட்டுப் போட்டார்” என்றார். மகுதூம் பாயை அவர் அண்ணன் முறையில் நானா என்பார். ஃபஹாஹீலில் காலையில் கடையைத் திறந்து, வெங்காய மூட்டையை வெளியே இழுத்து வைத்தவர், அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அன்றே சுலைபிகாத் மையவாடியில் அடக்கம். போனை வைத்த பிறகு பார்த்தால், செவ்வாய்க்கிழமை மாத்திரையைப் புதன்கிழமைக் கட்டத்தில் போட்டிருந்தேன்.

நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரும்படி குவைத் நண்பர்கள் கேட்டார்கள். எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. அவருடைய ஊர்க்காரர்களும், அவரோடு ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்களும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் திருச்சிக்காரன், ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு பார்த்தவன். அவருக்கும் எனக்கும் இருந்த சொந்தமெல்லாம் குவைத்தின் அப்பாசியாவில் ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ஒரு விஷயத்தில் ஏழெட்டு வருடம் நாங்கள் உடன்படவே இல்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

மகுதூம் பாய் காயல்பட்டினம். குடும்பம் ஊரில், அவர் குவைத்தில் தனியாக. ஈராக் படை வந்தபோது நாங்கள் எல்லோரும் ஜோர்டான் வழியாக ஓடினோம். அவர் ஓடவில்லை. கடையில் இருந்த அரிசியும் பருப்பும் ஓடமுடியாதவர்களுக்கு வேண்டும் என்று தங்கிவிட்டார். ஒரு நாள் சீருடைப் பையன்கள் சிலர் வந்து கடையைக் காலி செய்தார்கள். கடைசியில் ஒருவன் தராசையும் தூக்கிக்கொண்டு போனான். “அரிசி போனது போகட்டும். தராசு அவனுக்கு என்னத்துக்கு சார்? அவன் கையில துப்பாக்கி இருந்துச்சு, என் கையில ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டே நின்னேன்” என்பார். அவரது வாதங்கள் எல்லாம் அந்தத் தராசிலிருந்துதான் ஆரம்பித்தன என்று இப்போது தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

விடுதலைக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது, அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி கிடந்தது. படை விட்டுப் போனது, சண்டையில் கைப்பற்றியது, எல்லாம். கல்யாணங்களில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். எங்கள் மொட்டை மாடியில் உலர்ந்த கோமதியின் புடவையில் ஒரு தோட்டா துளை போட்டிருந்தது. அரசாங்கம் கெடு வைத்தது: ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் கேள்வி இல்லை, கெடு தாண்டி வைத்திருந்தால் சிறை. குவைத்திகளே இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பாயின் கஃபீல், அதாவது அவர் விசாவுக்குப் பொறுப்பான குவைத்தி, ஒரு பெரியவர். அவர் வீட்டு திவானியாவில் வாரம் ஒரு நாள் ஆண்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். பாயும் வாசல் பக்கம் உட்கார்ந்து கேட்பார். அரசாங்கமும் ராணுவமும் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டைக் காத்தது இந்த இரும்புதான், இதைக் கொடு என்று எப்படிக் கேட்கிறார்கள் என்பது கஃபீலின் கட்சி. அவருடைய தம்பி மறுகட்சி. கல்யாணத்தில் குண்டு பட்டு விழுகிற குழந்தைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பாராம். இதையெல்லாம் பாய் மறுநாள் என் வீட்டில் டீ குடித்தபடி இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவார்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் கட்டடத்திலேயே ஒன்று அகப்பட்டது. தரைத்தளத்தில் ஆக்கிரமிப்புக் காலத்தில் சிப்பாய்கள் தங்கியிருந்த காலி வீடு. அங்கே ஏசியைக் கழற்றப் போன யோகராசா, சுவருக்குள் கம்பளியில் சுற்றிய நீளத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு மேலே ஓடி வந்தார். யோகராசா மட்டக்களப்புக்காரர், டிரைவர். அவருடைய கஃபீல் போரில் வெளிநாடு போனவர் திரும்பவில்லை, பாஸ்போர்ட் அவரிடம். இகாமா, அங்கே தங்குவதற்கான அனுமதி, எப்போதோ முடிந்துவிட்டது. போலீஸ் எங்கள் கட்டடத்துக்குள் ஒரு தடவை வந்தால் போதும், அவரை விமானம் ஏற்றிவிடுவார்கள். அவர் ஊரில் அப்போது போர் எப்படி நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பாய் வீட்டில் கூடினோம். போலீஸைக் கூப்பிடலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். யோகராசாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கடலில் போடலாம் என்றார் அவர். ஆனால் சாலைக்குச் சாலை சோதனைச் சாவடி. வழியில் பிடிபட்டால், ஒப்படைக்கப் போகிறோம் என்றால் யார் நம்புவார்கள்? பாய்க்கு இந்தக் கவலையே இல்லை. வைத்துக்கொள்வோம் என்றார். அந்த மாதங்களில் அப்பாசியாவில் கதவை உடைத்துக் கொள்ளையடிப்பது சாதாரணம். “நான் சுடவா போறேன்? இருக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்” என்றார். யோகராசா தலையை நிமிர்த்தாமல், “நானா, இருக்கெண்டு நாலு பேருக்குத் தெரிஞ்ச வீடுகளுக்குத்தான் எங்கட ஊரில முதல்ல வந்தவங்கள்” என்றார். ஆனாலும் கெடு முடியும்வரை பார்ப்போம் என்று பாய் துப்பாக்கியைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் அவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். கஃபீலும் அவர் நண்பர்களும், குடும்பத்துக்கு ஒரு துப்பாக்கியை லைசென்ஸோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அமைச்சகத்துக்கு மனு கொடுக்க இருந்தார்கள். அதில் வெளிநாட்டுக்காரருக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது பாயின் ஆசை. சேர்க்கவேண்டிய பத்தியை நான் இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும். நான் இந்தக் கருத்துக்கு எதிரி என்பது அவருக்குத் தெரியும். “அதனாலதான் சார் உங்ககிட்ட கேக்கேன். எதிர்க்கட்சிக்காரன்தான் ஓட்டை இல்லாம எழுதுவான்” என்றார். எழுதினேன். உயிரும் கடையும் உள்ளவன் எந்த நாட்டுக்காரனாயிருந்தாலும் அச்சம் ஒன்றுதான் என்று ஆரம்பித்து, நான்கு வாக்கியம். எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத கருத்துக்கு நான் எழுதிய மிக நல்ல இங்கிலீஷ் அது.

பாய் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திவானியாவுக்குப் போனார். இதுவரை வாசல் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர் அன்று எழுந்து நின்று அரபியில் சொன்னார். அவர்கள் சிரித்தார்களாம். துப்பாக்கி கூடாது என்ற தம்பியும், வேண்டும் என்ற கஃபீலும், அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்து சிரித்தார்கள். வெங்காயம் விற்கிறவனுக்குத் துப்பாக்கியா என்று யாரோ கேட்டார்கள். திரும்பி வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் டீயைத் தொடவில்லை. “எங்க உசுருக்கு லைசென்ஸ் கிடையாதாம் சார்” என்றார். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்ததைக் கோமதி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். வெள்ளிக்கிழமைகளில் பாய்க்கு எங்கள் வீட்டு ரசம் போகும். அன்று அவள் இரண்டு கையிலும் சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, கதவைக் காலால் இடித்திருக்கிறாள். போரில் உடைந்த மாடிப்படி விளக்குகள் அப்போதும் எரியவில்லை; கதவின் கண்ணாடித் துளையில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. தூங்கி எழுந்த பாய்க்குக் கதவை உதைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கையில எடுத்துட்டேன் சார். கதவுக்கு நேரா நின்னேன். விரல் போக வேண்டிய இடத்துக்குத் தானா போயிருச்சு. அதுக்குள்ள தங்கச்சி ‘பாய், ரசம் ஆறிடும்’னு சொல்லிச்சு.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “சொல்லலேன்னா?” என்றார்.

மறுநாள் காலையே ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். கேள்வி இல்லை என்ற வாக்கு வெளிநாட்டுக்காரனுக்குச் செல்லுமா என்று தெரியாது; அப்பாசியாப் பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தால் எந்தக் கட்டடம் என்று கேட்டு வந்துவிடுவார்கள், யோகராசா அகப்படுவார். அதனால் ஃபஹாஹீலுக்கே கொண்டுபோய், தன் கடையில் கிடைத்ததாகச் சொல்வது என்று தீர்மானித்தார். அப்படிச் சொன்னால் கடையைத் தலைகீழாகப் புரட்டுவார்கள், ஏன் இத்தனை நாள் கழித்து என்று அவரைத்தான் பிடிப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். “பிடிக்கட்டும். எனக்குப் பேப்பர் இருக்கு, அவனுக்கு இல்ல” என்றார். கார் என்னுடையது. நான் எப்படிச் சம்மதித்தேன் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிப் பின் சீட்டுக்கடியில் வைத்தோம். முதல் சாவடி தூரத்தில் தெரிந்ததுமே ஓரமாக நிறுத்தச் சொன்னார். மறைத்துக்கொண்டு போய் அகப்பட்டால்தான் குற்றம், நாமே முதலில் போய்ச் சொல்லிவிட்டால் அது ஒப்படைப்பு என்பது அவர் கணக்கு. இறங்கி, இரண்டு கையையும் தூக்கியபடி சிப்பாய்களை நோக்கி நடந்தார். நான் அந்தச் சாமானோடு காரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தபடி இருந்தான். கடைசியில் ஒரு இளம் சிப்பாய் வந்தான். கம்பளியை விலக்கித் தோட்டாக்களைக் கழற்றி எடுத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா என்று பாயிடம் கேட்டான். “கணக்கப்பிள்ளை. எப்பவுமே இப்படித்தான்” என்று பாய் சொன்ன பதிலைக் கேட்டு அவன் சிரித்து, யல்லா, நிலையத்துக்குப் போங்கள் என்று விட்டுவிட்டான்.

நிலையத்து அதிகாரி சிரிக்கவில்லை. எங்கே கிடைத்தது என்று மூன்று விதமாகக் கேட்டார். கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், இப்போதுதான் பார்த்தேன் என்று பாய் மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், நீ பார்த்தாயா என்றார். வாழ்நாள் முழுவதும் ஒரு பில்லைக்கூட மாற்றி எழுதாதவன் நான். ஆமென்று தலையை ஆட்டினேன். பாயை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கடையில் மூட்டைகளையெல்லாம் கிழித்துத் தேடியதில் அரிசியும் உளுந்தும் ஒன்றாகக் கலந்துபோயின. அவர் வெளியே வந்தபின் அவரோடு யோகராசாவும் நானும் சேர்ந்து அவற்றைச் சலித்துப் பிரித்தோம். எங்கள் கட்டடத்துக்கு ஒரு போலீஸும் வரவில்லை.

ஆனால் யோகராசாவின் இகாமா அப்படியே இருந்தது. அதற்காகப் பாய், தன்னைப் பார்த்துச் சிரித்த கஃபீலிடமே போய் நின்றார். அந்தப் பெரியவர், நீதானே உரிமை கேட்டாய், இப்போது நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாயாமே என்று குத்தினாராம். “கேட்டேன், இப்பவும் கேக்கேன். இன்னிக்கு வந்தது வேற ஆளுக்காக” என்று பாய் சொன்னாராம். பெரியவர், அந்த டிரைவரைக் கூட்டி வா என்றிருக்கிறார். இலங்கைத் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட்டும், பெரியவரின் பொறுப்பில் புது இகாமாவும் வாங்கி, யோகராசா கடை வண்டியை ஓட்டத் தொடங்கியது அப்படித்தான்.

பாய் திருந்திவிட்டார் என்று நான் நினைத்தேன். காவலிலிருந்து வெளியே வந்த அடுத்த வெள்ளிக்கிழமையே ரசத்தை முடித்துவிட்டு, “அந்தச் சட்டம் தப்புதான் சார்” என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அபூர்வமாகத்தான் வரும். கதவுக்குப் பின்னால் நின்றதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். “மறக்கல. என் கையில அது இருக்கக் கூடாது, அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா எனக்கு ஆகாதுங்கறதை நான்தான் சொல்லணும். வெங்காயக்காரன்னு சொல்லி இன்னொருத்தன் சொல்லக் கூடாது” என்றார். கதவுக்குப் பின்னால் நிற்கிற எவனுக்கும், தன் கைக்கு அது ஆகாது என்று தெரிவதற்கு ஒரு நொடி முன்னாலேயே சட்டம் வரவேண்டும் என்று நான் சொன்னேன். நான் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குக் கிளம்பும்வரை அந்த விவாதம் முடியவில்லை. இப்போதும் என் கட்சிதான் சரி என்று நினைக்கிறேன். அவருடைய பதிலுக்கு முழு மறுப்பு மட்டும் கிடைக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன தங்கியிருக்கிறது என்று யோசிக்கிறேன். கூட்டங்களில் வாய் திறக்காதவன் நான். போன வருடம் எங்கள் குடியிருப்பில் இரண்டு திருட்டு நடந்தது. துப்பாக்கி லைசென்ஸ் உள்ள காவலாளி வைப்பது என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்மொழிந்தார். நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். குரல் நடுங்கியது, காலும். தோற்றேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடுதான் தினமும் காலையில் நடக்கிறேன். பூங்கா வாசல்வரை இதையே பேசிக்கொண்டு போகிறோம். மகுதூம் பாய் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் எனக்கு எதிராகத்தான் கை தூக்கியிருப்பார். கூட்டம் கலைந்ததும், நான் உட்கார நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுகிறவரும் அவராகத்தான் இருந்திருப்பார்.