இரண்டாம் பக்கத்து விலாசம்

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் சிட்னியின் பென்டில் ஹில் வீட்டு விலாசம் ஒன்று அச்சாகியிருக்கும். வீட்டு இலக்கம், வீதி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அது பதிப்பாளர் அண்ணையின் வீடு. அட்டையில் இருந்ததோ என் புனைபெயர். அது யாருடையது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அண்ணை பகலில் பஸ் ஓட்டுவார். மிச்ச நேரத்தில், ஊரில் அச்சிட முடியாதவற்றைச் சிட்னியில் அச்சிடுவார். போர்க்காலம் அது. என் கதைகளோ துப்பாக்கி வைத்திருந்த எந்தத் தரப்புக்கும் பிடிக்காதவை. விலாசத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "விலாசம் இல்லாட்டி அது மொட்டைக் கடிதமடா. புத்தகம் எண்டால் ஆரும் வந்து கதவைத் தட்டக்கூடியதா இருக்க வேணும்" என்றார்.

தட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு எங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் தெரிந்த முகங்கள். ஒருவருடைய மகளின் முதல் நன்மை விருந்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். நான் அன்றைக்கு அண்ணை வீட்டுக் குசினி வாசலருகே ஒரு கதிரையில் தேத்தண்ணீரோடு இருந்தேன். வந்தவர்கள் சத்தம் போடவில்லை. "எழுதினது ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ. அவரின்ரை ஆக்கள் ஊரிலை இருப்பினம்தானே" என்றார் மூத்தவர். என் அம்மாவும் தங்கையும் ஊரில் இருந்தார்கள். அண்ணையின் தம்பியும் அங்கேதான் இருந்தார்.

அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் எழுதினனான். வேற பேரிலை எழுதக்கூடாதோ?" என்றார்.

"ஓம், எனக்கு அப்பவே தெரியும்" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பிறகு கோயில் குழுவிலிருந்து அவரை விலக்கினார்கள். கடைகள் அவருடைய புத்தகங்களைத் திருப்பி அனுப்பின. ஊரில் அவர் தம்பியை இரண்டு தடவை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள்; இரண்டாம் தடவை ஒரு காது கேளாதவராகத் திரும்பி வந்தார். அண்ணை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அடுத்த கதை எப்ப தாறாய்?" என்றுதான் கேட்பார். நான் பிறகு எழுதவேயில்லை. அதையும் ஒரு தியாகமென்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். வெட்கக்கேடு.

போர் முடிந்தது. அம்மாவும் தங்கையும் இங்கே சிட்னியில் நார்த்மீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். போன வருடம் அண்ணை காலமானார். துணிச்சலான எழுத்து என்று இப்போது ஊரே அந்தப் புத்தகத்தைத் தேடுகிறது. மறுபதிப்பின் அட்டையில் அண்ணையின் பெயரைப் போடப்போவதாக அண்ணி தொலைபேசியில் சொன்னார். "நீங்கள்தானே தம்பி கடைசிவரைக்கும் அவரோடை நிண்டனீங்கள். ஒரு முன்னுரை எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். 'இந்த எழுத்தாளரை அருகிலிருந்து பார்த்தவன் நான்' என்று தொடங்கினேன். நேற்றுப் புத்தகம் தபாலில் வந்தது. இரண்டாம் பக்கத்தில் அதே பென்டில் ஹில் விலாசம். முன்னுரையின் கீழே என் பெயர். இந்த முறை சொந்தப் பெயரையே போட்டிருக்கிறேன்.