முதலில் நண்டை எடுக்க வேண்டும்

மரக்காணம் உப்பளத்தில் வந்து தட்சணாமூர்த்தி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஓட்டை அடைக்கிறவன் என்று கேளுங்கள், உடனே என் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

உப்பங்கழித் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்திக்கும் உப்பு விளையும் பாத்திக்கும் நடுவில் களிமண் வரப்பு உண்டு. அதில் நண்டு வளை போட்டுவிட்டால் தண்ணீர் கசிந்து வந்து விளைந்த உப்பையெல்லாம் கரைத்துவிடும். வெறுங்காலோடு வரப்பில் நடந்து, குதிகாலால் அழுத்தியே வளை எங்கே என்று சொல்லிவிடுவேன். முதலில் நண்டைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்திலேயே வேறு வளை போடும். பிறகு களிமண் வைத்து மிதிக்க வேண்டும். பிறகு மறுபக்கம் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நண்டு வளைக்கு இரண்டு வாய். இதை ஏதோ பெரிய சாஸ்திரம் மாதிரி புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பேன். அவர்கள் நழுவிவிட்டால் இருக்கவே இருக்கிறாள் என் மகள் தமிழ்நிலா. லீவு நாட்களில் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு வயதுப் பெண் குறுக்குக் கேள்வி கேட்காது என்பது அப்போது என் நம்பிக்கை.

பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவ முகாமில்தான் அவள் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார்கள். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை என்றார். ஓடினால் பாப்பாவுக்கு மூச்சு வாங்குவது அதனால்தானாம். நெஞ்சை அறுக்க வேண்டியதில்லை, தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, சின்ன மூடி ஒன்றால் அடைத்துவிடலாம் என்றார். நான் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். ஆட்டிய தலை நிற்கவில்லை, சுற்ற ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து சேர் போட்டார்.

"வைத்தியம் பாப்பாவுக்கா, உங்களுக்கா?" என்றாள் என் மனைவி ஜெயப்ரியா.

பிள்ளையிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. "நான் சொல்றேன், எனக்குத் தெரியாத ஓட்டையா?" என்று மார் தட்டினேன். உண்மையில் இதயம் என்ற வார்த்தையைச் சொல்லவே நா எழவில்லை. அதனால், "உன் நெஞ்சுக்குள்ள ஒரு குட்டி நண்டு வளை போட்டிருக்குது பாப்பா, டாக்டரம்மா அடைச்சிடுவாங்க" என்று முடித்துக்கொண்டேன். அவள் சமர்த்தாகத் தலையாட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நண்டைச் சொல்லிக் கெட்டேன்.

குறித்த நாள் காலையில் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து சிகிச்சை அறைக் கதவு வரைக்கும் கொண்டுபோனார்கள். கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்ததும் தமிழ்நிலா எழுந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நண்டை எப்ப எடுப்பாங்க?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, என்னைத் தவிர.

"நண்டை எடுக்காம அடைச்சா அது வேற வளை போடும். நீதான சொன்ன?" என்று என்னைப் பார்த்து வீறிட்டாள்.

"அது நேத்தே போய்ட்டுது பாப்பா."

"எங்க?"

"கடலுக்கு."

"எந்த வழியா?"

பதினைந்து வருஷமாக நண்டை வெளியே எடுக்கிறவன் நான். மீன் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் ஒரு நண்டு வாங்கிவந்து காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன், அவ்வளவு புத்திசாலி நான். அவள் மூச்சிரைக்க அழுதாள். உதடு நீலம் பாய்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. "இப்பிடி அழுதா இன்னிக்கு செய்ய முடியாதுங்க, அடுத்த மாசம்தான்" என்றார் நர்ஸ். இன்னும் ஒரு மாதம் அந்த ஓட்டையோடு அவள் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் என் வாய்க்கொழுப்பால்.

"நண்டே இல்ல பாப்பா" என்றேன். "அப்பா பொய் சொன்னேன். அப்பாவுக்கு பயமா இருந்துச்சு, அதான்."

அழுகை நின்றது. "அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது."

டாக்டரம்மாவைக் காட்டி, "இவங்களுக்கு?" என்றாள்.

"அவங்களுக்கு நல்லா தெரியும்."

கம்பியை விட்டாள். "சரி, அப்ப நீ இங்கியே இரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கதவு மூடியது.

இரண்டு மணி நேரம். செருப்பை எங்கோ விட்டுவிட்டு அந்த நீளமான வராந்தாவில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். என்னையறியாமல் ஒவ்வொரு டைல்ஸாகக் குதிகாலால் அழுத்திப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. ஜெயப்ரியா அழுத கண்ணோடு, "வளை எங்கன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரான் வீட்டு உப்பையெல்லாம் காப்பாற்றிய கால் இது, என் பிள்ளைக்கு நடக்க மட்டும்தான் உதவியது. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா வந்தார். "நல்லா அடைஞ்சிடுச்சுங்க. ஆறு மணி நேரம் காலை மடக்காம பாத்துக்கணும்."

கும்பிட்டேன். ஆனால் பழக்கம் விடுமா? "மேடம், மறுபக்கம்…" என்று வாயெடுத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதை உங்க பொண்ணு ஏற்கெனவே கேட்டுட்டா. மறுபக்கம் பாப்பீங்களா, சொன்னாத்தான் மாஸ்க் போட விடுவேன்னுட்டா. இந்த மூடிக்கு ரெண்டு பக்கமும் தட்டு இருக்குதுன்னு எடுத்துக் காட்டினேன். 'எங்கப்பாவும் இப்பிடித்தான் அடைப்பாரு'ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா."

வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தேன். முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன்.

ஜெயப்ரியா போய் ஒரு சேர் எடுத்துவந்து போட்டாள்.