கழற்றாத மெத்தை உறை

ஒக்டோபர் 12, காலை 6.40, மூன்று பாகைக் குளிர், தூறல். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்துப் ட்ரெயிலர் பூங்காவில் எங்கள் சக்கர வீடு நிற்கிறது. பன்னிரண்டு இரவுகளாக மனைவி இருமுகிறாள். இன்று மெத்தையைத் தூக்கினால், கட்டில் பலகை நனைந்து, பதினேழு இடத்தில் கறுப்புப் பூஞ்சணம். ட்ரெயிலரை விற்றவனை உரத்துத் திட்டுகிறேன்.

பக்கத்து ட்ரெயிலரில் இருக்கும் அஜக்ஸ் ஊர்க்காரர் எட்டிப் பார்க்கிறார்.

"அண்ணை, கடைப் பிளாஸ்ரிக் உறையை இன்னும் கழட்டேல்லையே? மூச்சு ஈரமெல்லாம் குளிர்ப் பலகையில தண்ணியா நிக்குமெல்லோ. அடியில காத்துப் போக மரச்சட்டம் அடியுங்கோ. யன்னலையும் ஒரு விரலளவு திறவுங்கோ."

"மெத்தை புதுசாவே இருக்கட்டுமெண்டு இவர்தான் கழட்ட விடேல்லை," என்கிறாள் மனைவி. "யன்னலைப் பூட்டினதும் இவர்தான். சூடு போயிடுமாம்!"

அவள்மேல் பாய வாயைத் திறக்கிறேன். அவள் மறுபடி இருமுகிறாள். கத்தியெடுத்து உறையைக் கிழிக்கிறேன். மெத்தையின் அடியும் கறுத்துவிட்டது.

புது மெத்தை, மரச்சட்டம், இருமல் மருந்து: 463 டொலர் 18 சதம்.