பதினோரு எழுத்து, மூன்று முறை

என் பெயர் மூன்றே எழுத்து. தாம்பரத்தில் நான் படித்த பள்ளியில், ஒரே வகுப்பில் அந்தப் பெயரில் நான்கு பேர் இருந்தோம். வாத்தியார் கூப்பிட்டால் நால்வரும் எழுந்து நிற்போம். அடி வாங்க வேண்டியவன் யார் என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். பல நாள் அது நானாகவே இருந்தது. போகப்போக இனிஷியல் மட்டுமே என் பெயராக மிஞ்சியது. இன்றைக்கும் பழைய சிநேகிதன் எவனாவது பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்தால் அந்த ஓர் எழுத்தைச் சொல்லித்தான் கத்துகிறான்.

அதனால் எனக்கொரு பிள்ளை பிறந்தால் ஊரில் எவனுக்கும் இல்லாத பெயர்தான் வைப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தேன். பையன் பிறந்தான். மனைவி கைப்பேசியில் பட்டியல் பட்டியலாகப் பெயர் பார்த்தாள். பாதிப் பெயர்கள் ‘ஷ்’ஷில் முடிந்தன. “பார்க்ல எவனாவது தும்மினாக்கூட நாலு பசங்க திரும்பிப் பார்ப்பாங்க போலிருக்கே” என்றேன். முறைத்தாள். மாமியார் தன் பங்குக்கு, நட்சத்திரத்துக்கு ஏற்ற முதலெழுத்துகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் ‘ப’ இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் விட்டு வந்த ஒவ்வொரு மாலையும் பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒருவழியாகக் கிடைத்தது. பதினோரு எழுத்து. சொல்லி முடிக்கும்போது வாய் நிறைந்திருக்கும்.

மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். “கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுவான்” என்றாள். ஆனால் அன்று முழுக்க குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் பால் கொடுக்கும்போதும் அந்தப் பெயரைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவன் வளர்ந்து அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் குடும்பத்தில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்போம். அதுவரை பெயரை வெளியில் சொல்ல மாட்டோம். குழந்தையின் அத்தை அதை மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளி அரைஞாண் கட்டி, காதருகே குனிந்து, கூடியிருப்பவர்களுக்கும் கேட்கும்படி மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அது அத்தையின் உரிமை. வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை. என் பையனுக்கு ஒரே அத்தை, என் அக்கா.

என் அக்காவுக்குத் திக்குவாய்.

இது எனக்கு எப்படி உறைக்காமல் போனது என்று கேட்டால் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவள் ‘த’வில் நின்றால், கேட்பது தண்ணீரா தட்டா என்று எனக்குத் தெரியும். நானே சொல்லி முடித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதிகம் தடுக்கி நிற்பது க, த, ப மூன்றிலும்தான். நான் பிடித்து வந்த பெயர் ‘ப’வில் தொடங்கி, மற்ற இரண்டையும் நடுவில் வைத்திருந்தது. வேண்டுமென்றே தேடியிருந்தால்கூட இப்படி ஒன்று கிடைத்திருக்காது.

பெயர் வைக்க நாலு நாள் இருக்கும்போது போனில் அவளுக்குப் பெயரைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்; ‘ப’வைத் தாண்டவில்லை. பிறகு, “ந... நல்லாருக்குடா” என்று வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் எவனோ அவளைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்ததிலிருந்து, விசேஷ வீடுகளில் அவள் வாய் திறப்பதில்லை. காய் நறுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளைத்தான் அத்தனை பேருக்கு நடுவில் உட்கார வைக்கப் போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அவ மடியில வச்சிக்கட்டும். பேரை நான் சொல்லிடறேன்” என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அக்கா பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள்; வீடும் பக்கத்திலேயே. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து, சந்தைக் கூட்டத்தில் இடிபட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு காயை எடுத்து உரித்தபடி அம்மா சொன்னதைச் சொன்னேன். பதில் சொல்ல அவள் நிமிர்ந்தபோது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய அந்தப் பக்கத்தில் விமானம் கடக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். எதிரில் இருப்பவரும் பொறுமையாகக் காத்திருப்பார். விமானத்துக்குக் காத்திருக்கிற நாங்கள் இவளுக்கு ஒருநாளும் காத்திருந்ததில்லை.

சத்தம் ஓய்ந்ததும் கேட்டாள். “யா... யாரு முடிவு பண்ணது?”

“அம்மாதான்...”

“பே... பேரு தேடினவன் நீ. நடுவுல அம்மா எங்கேர்ந்து வந்தாங்க?”

நான் இன்னும் சொதப்பினேன். “வேணும்னா பேரைக் கொஞ்சம் சின்னதா மாத்திடலாம்க்கா.”

முறத்தைத் தள்ளி வைத்தாள். “என்னால மு... மு...”

“முடியாதுன்னு நான் சொல்லலையே” என்று அவசரமாக முடித்து வைத்தேன்.

“மு... முடியும்னு சொல்ல வந்தேன்டா!”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் மறுபடி முறத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். “உன் பு... புள்ள பேரு எங்க ரத்த டியூப் லேபிள்ல அடங்காது. அது உன் பிரச்சினை. அதைச் சொல்றது என் பிரச்சினை. நீ சும்மா இரு, அது போதும்.”

சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை சேலையூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் சாமியானா போட்டிருந்தோம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அக்கா பச்சைப் பட்டுப்புடவையில் வந்தாள். நேராக வந்து மணையில் உட்கார்ந்தாள். குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி அரைஞாண் கட்டினாள். காதருகே குனிந்தாள்.

“ப...”

அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் ஒருவர் தரையைப் பார்த்தார். போட்டோகிராபர் எதுவும் தெரியாமல், “இன்னாக்கா, அப்டியே இரு, நிமிராத” என்றார். அம்மா பாதி எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். என் வாயிலும் பெயர் முழுசாக வந்து முட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். குழந்தை கொட்டாவி விட்டது.

“ப...” என்று மறுபடி தொடங்கினாள். இரண்டாவது எழுத்து வந்தது. மூன்றாவது வந்தது. ‘த’வில் நின்றாள், தாண்டினாள். ‘க’வில் நின்றாள், கண்ணை மூடிக்கொண்டாள், தாண்டினாள். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவள் ஒரு சொல்லை முடிக்கும்வரை நான் காத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. வெட்கமாக இருந்தது. பதினோராவது எழுத்து வந்தபோது என் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

யாரோ கை தட்டினார்கள். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. மாமனார் கற்கண்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். “முடிஞ்சிது, எல்லாம் போட்டோவுக்கு வாங்க” என்றார் போட்டோகிராபர்.

அக்கா குழந்தையைக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள்.

“உ... உக்காருங்க. இன்னும் ரெண்டு வாட்டி இருக்கு.”

எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.