குளத்துக்குள் ஒன்பது கூடைகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருக்கிற ஒரே மாப்பிள்ளையிடம், இல்லாத ஒரு மைதானத்தை இருக்கிறது என்று சொன்னேன். ஐம்பத்தாறு வயதில் செய்கிற காரியமா? இல்லைதான். ஆனால் வீடியோ காலில் சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேரே சொன்னதை டெலிட் செய்ய இன்னும் வசதி வரவில்லை.

மகள் மீனாவும் மாப்பிள்ளையும் கனடாவில் இருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த டிசம்பரில் இரண்டு வாரம் லீவு. முதல் வாரம் சென்னையில், மாப்பிள்ளை வீட்டில். அதில் யாரும் கை வைக்க முடியாது. இரண்டாவது வாரம்?

அங்கேதான் மாப்பிள்ளையின் டிஸ்க் கோல்ஃப் பைத்தியம் குறுக்கே வந்தது. “இந்த விண்டர் டிரிப்புக்கு மறக்கவே முடியாத மாதிரி ஒரு கோர்ஸ் தேடிட்டிருக்கேன், மாமா” என்றார் மாப்பிள்ளை. தாய்லாந்தில் ஒன்று, ஏதோ ஒரு மலை ரிசார்ட்டில் ஒன்று என்று பட்டியலும் வைத்திருந்தார். திரையின் ஓரத்தில் மீனா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாரமும் தாய்லாந்துக்குப் போய்விட்டால் அவளைத் திரையின் ஓரத்திலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

“எதுக்கு மாப்ளை அங்கெல்லாம்? திருநெல்வேலியிலயே ஒண்ணு இருக்கே” என்றேன்.

அது என்ன விளையாட்டு என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். தட்டு மாதிரி ஒரு வட்டை வீச வேண்டும். தூரத்தில் கம்பத்தில் ஒரு இரும்புக் கூடை, சுற்றிலும் சங்கிலி. குறைந்த வீச்சில் கூடைக்குள் தட்டைச் சேர்ப்பவர் ஜெயித்தவர். ஒரு கோர்ஸுக்கு, அதாவது ஆடுகிற மைதானத்துக்கு, ஒன்பது கூடையாவது வேண்டும். மரங்கள் வேண்டும், திறந்த வெளி வேண்டும், முக்கியமாக... ஒரு இடம் வேண்டும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்பினேன். பரிசோதனைக்குக் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. பாளையங்கோட்டையில் காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் கிரிக்கெட் ஆடினார்கள். வள்ளியூருக்கு வெளியே காற்றாலைகளுக்கு நடுவே நின்று வீசினேன். ஆவணிக் காற்று. தட்டு எந்த ஊரில் இறங்கியது என்று இன்றுவரை தகவல் இல்லை.

புரட்டாசியில் கண்டேன் அந்த இடத்தை. சேரன்மகாதேவி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு குளம். பொட்டுத் தண்ணீர் கிடையாது. சமதளம், அங்கங்கே முள் அடர்ந்த உடைமரங்கள், பின்னால் மேற்கு மலை. கனடாக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். நான் காலடியால் அளந்து குறித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குளத்து மடையைத் திறந்து மூடுகிற பெரியவர் வந்தார். இடம் வாங்கப் போகிறீர்களா என்றார். இல்லை, விளையாட என்றேன். எப்போது என்றார். மார்கழியில் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சரி, வெளையாடுங்க” என்று போய்விட்டார்.

போட்டோவும் வரைபடமும் அனுப்பினேன். மாப்பிள்ளை ஆறு கைதட்டல் பொம்மைகள் அனுப்பினார். ஐப்பசியும் கார்த்திகையும் ஒரு வெல்டிங் பட்டறையில் கழிந்தன. ஒன்பது கூடைகள். நல்ல மழை பெய்துகொண்டிருந்ததால், நனைய வேண்டாமென்று குளத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

குளத்தில் கட்டடம் கட்டுகிறவர்களை, பத்திரிகையில் நான் எழுதுகிற இதே பத்தியில் நான்கு முறை திட்டியிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். நம் ஊரில் தண்ணீர் கிடந்தால் அது குளம். இல்லாவிட்டால் அது இடம். இந்த வியாதி எனக்கும் உண்டு என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

மார்கழி வந்தது. எங்கள் குளிர்காலம் என்பது ஃபேனை இரண்டில் வைப்பது. அவர்களும் வந்தார்கள். மறுநாள் காலை லோடு ஆட்டோவில் ஒன்பது கூடைகளுடன் குளத்தங்கரையில் ஏறி நின்றோம். கரை தொட்டுத் தண்ணீர். நடுவில் உடைமரங்களின் தலை மட்டும் தெரிந்தது. மூன்றாவது கூடை வைக்க நான் குறித்திருந்த இடத்தில் ஒரு கூழைக்கடாப் பறவை மிதந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை கூழைக்கடாவைப் பார்த்தார். “பொதுவா கோர்ஸுக்கு நடுவுல கொஞ்சம் தண்ணி இருக்கும், மாமா” என்றார். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

மடைக்காரப் பெரியவர் அங்கேதான் நின்றார். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “மார்கழியில வெளையாடணும்னு சொன்னிய. படகு வெளையாட்டாக்கும்னு நெனச்சேன்” என்றார்.

வேறு வழி? ஒன்பது கூடைகளையும் கரைமேலேயே வரிசையாக நட்டோம். அகலம் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு. இடது பக்கம் குளம், வலது பக்கம் நாற்று நட்ட வயல். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று வேறு. கனடாவிலிருந்து எட்டுத் தட்டுகள் வந்திருந்தன. ஏழு தட்டுகளைக் குளம் வாங்கிக்கொண்டது. எட்டாவது வயலில் போய் விழுந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அதைக் கழுவிக்கொண்டு வந்து மீனாவிடம் நீட்டினார். “ஏட்டி, கொழம்பு நல்லா இல்லன்னா இப்படியா தட்டத் தூக்கி எறிவாரு ஒன் வீட்டுக்காரரு?”

அத்துடன் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது கூடையைக்கூடத் தாண்டவில்லை. இன்றைக்கே மலை ரிசார்ட்டுக்கு டாக்ஸி சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே வீடு திரும்பினேன். மாப்பிள்ளை போனை எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்றேன். அவர் டாக்ஸிக்கு யாரையும் கூப்பிடவில்லை. மீனா பத்து மணி வரை தூங்கினாள். சாப்பிட்டாள். மறுபடி தூங்கினாள். மாப்பிள்ளை தினமும் காலையில் கரைக்கு நடந்துபோய்க் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டு வந்தார். ஏழு நாளும் இருந்தார்கள்.

ரயிலேற்றிவிட்டு வரும்போது மனைவியிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். என்னதான் சொல், அந்தப் போட்டோவை நான் அனுப்பாவிட்டால் பிள்ளை வந்திருக்குமா?

“மீனா அந்த வீடியோ கால் பேசுன அன்னைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் போட்டு, அந்த ஒரு வாரம் நம்ம வீட்லதான்னு சொல்லிட்டாளே” என்றாள்.

அடிப்பாவி, அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா அந்த நாலு மாசமும் வீட்லல்லா இருந்திருப்பிய.”